வைரத்திற்கும் வெயில் உறைக்குமா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து அனைவரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், கட்கியிலிருந்து வரும் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். இப்பகுதியை விடாமல் படிப்பவர். "தம்பி, மாதந்தோறும் ஏதேதோ விளக்கி எழுதுகிறீர்களே, என் வீட்டுச் சங்கடத்துக்கும் ஒரு விளக்கம் சொல்லுங்கள்" என்று தொடங்கினார்.

அவருடைய மகள் பி.எஸ்ஸி. பௌதிகம் தேறிவிட்டாள். மேலே படித்து வைரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டிலோ அவளுக்கு வைரத்தோடு வாங்குவதற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை ஒன்று இருக்கிறது. அதைப் படிப்புக்குத் தரும்படி மகள் கேட்கிறாள். "காதில் போடும் வைரத்தை வைத்துக் கணிப்பொறி செய்யப் போகிறார்களாம். அந்த வைரத்தில் தோஷம் இருந்தால்தான் உதவுமாம். தோஷமுள்ள வைரத்தை யாராவது விரும்புவார்களா? அப்படியே செய்தாலும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது தாங்குமா? இதை நம்பிப் பணத்தைச் செலவிடலாமா?" என்று கேட்டார்.

அடுத்த இதழில் பதில் எழுதுவதாக வாக்களித்துவிட்டேன். நானோ பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். ஆகவே, ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க வந்த இடத்தில் எனக்குப் பழக்கமான, பாஷாண் பக்கத்தில் ஆராய்ச்சி செய்யும் திருநெல்வேலி இளைஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். கீழே காண்பவற்றில் பிழையில்லாத இடங்கள் அவருடைய உபயம்.

முதலில் தோஷத்தைப் பார்ப்போம். வைரத்தின் குற்றங்களை எண்ணிப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரையின் இரத்தின வீதியைக் கூறுமிடத்தில் இளங்கோவடிகள் வைரத்துக்கு நான்கு குற்றங்களைச் சொல்கிறார். காகபாதம் அவற்றுள் ஒன்று. நம் பாட்டிமார் தோடு வாங்கும்போது பூதக்கண்ணாடியை வைத்துத் தேடியதும் அத்தகைய புள்ளிகளையும் கீற்றுகளையுமே. இப்போது விஞ்ஞானிகள் விரும்புவது, பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத ஐந்தாவது குற்றம் ஒன்றை.

வைரம் முழுவதும் கரியணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவும் அண்டையிலுள்ள நான்கு அணுக்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நிற்கிறது. இந்த அணிவகுப்பில் எங்கோ ஓரிடத்தில் கரியணுவுக்குப் பதிலாக ஒரு நைட்ரஜன் அணு அமர்ந்து, அதற்கு அடுத்த இடம் காலியாகக் கிடந்தால், அதுவே நாம் சொல்லும் குற்றம். அந்தக் காலியிடத்தைச் சுற்றிச் சில எலெக்ட்ரான்கள் வந்து தங்குகின்றன. அவை ஒன்று சேர்ந்து மிகச் சிறியதொரு காந்த ஊசியைப் போல் நடந்துகொள்கின்றன. இக்குணத்திற்குச் சுழற்சி என்று பெயர். பெயர்தான் சுழற்சி, பம்பரம் போல் எதுவும் உள்ளே சுற்றுவதாக எண்ணிவிடக் கூடாது.

நம் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு கணக்குத் துணுக்கு 0 ஆக இருக்கும், அல்லது 1 ஆக இருக்கும். வைரத்திலுள்ள இந்தச் சுழற்சியோ 0 நிலையிலும் நிற்கும், 1 நிலையிலும் நிற்கும், இரண்டும் ஒரு விகிதத்தில் இசைந்த நிலையிலும் நிற்கும். இத்தகைய துணுக்கையே க்யூபிட் என்கிறார்கள். இதன்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிர்கிறது. ஒரு நிலையில் சற்றுப் பிரகாசமாகவும், மற்ற நிலையில் சற்று மங்கலாகவும் ஒளிர்வதால், அதன் நிலையை வெளியிலிருந்தே அறியலாம். 1997-இல் ஜெர்மனியைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இவ்வாறான ஒரே ஒரு குற்றத்தைத் தனியே பிரித்து, சாதாரண அறை உஷ்ணத்தில் கண்டுகாட்டினார்கள். தோஷம் ஏன் வேண்டும் என்னும் கேள்விக்கு இதுவே விடை. குற்றமில்லாத வைரம் ஊமை; குற்றமுள்ள இடமே பேசுகிறது.

இனி வெயிலின் கதைக்கு வருவோம். உஷ்ணம் என்பது அணுக்களின் அதிர்வேயன்றி வேறில்லை. ஒரு பொருள் சூடேறுகிறது என்றால், அதன் அணுக்கள் தத்தம் இடத்தில் நின்றபடியே மேலும் வேகமாக நடுங்குகின்றன என்று பொருள். ஓரணு நடுங்கினால், கைபிடித்து நிற்கும் அடுத்த அணுவும் நடுங்கும். இவ்வாறு அதிர்வு அலையாகப் பரவுகிறது. ஒளி சிறு சிறு துணுக்குகளாக வருவது போலவே இந்த அதிர்வும் துணுக்குத் துணுக்காகவே செல்கிறது. அத்துணுக்குக்குப் போனான் என்று பெயர். கூட்டமான பிளாட்பாரத்தில் ஒருவர் இடித்தால் அந்த இடி வரிசை முழுவதும் செல்கிறதல்லவா? நடுவில் கையில் நிறைகுடத்துடன் நிற்பவர் கதிதான் நம் க்யூபிட்டின் கதி.

ஆனால் எல்லாக் கூட்டமும் ஒரே விதமாக இடிப்பதில்லை. முற்றிய மரத்தை 'வைரம் பாய்ந்தது' என்கிறோம். உறுதிக்கே வைரத்தின் பெயரைத் தந்தவர்கள் நாம். கரியணு இலேசானது, அவற்றிடையே உள்ள பிடியோ மிக இறுக்கமானது. இறுக்கிக் கட்டிய தந்தி உயர்ந்த சுருதியில் ஒலிப்பது போல, வைரத்தின் முக்கிய அதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ 40 லட்சம் கோடி முறை நிகழ்கிறது. அவ்வளவு உயர்ந்த அதிர்வை எழுப்ப மிகுந்த உஷ்ணம் தேவை. ஈயத்தின் அதிர்வுகள் அறை உஷ்ணத்திற்கு வெகு கீழேயே முழுவதும் விழித்துக்கொள்ளும். வைரத்தின் அதிர்வுகள் எல்லாம் விழிக்க ஏறத்தாழ 2,000 டிகிரி உஷ்ணம் வேண்டும். வைரத்தைச் சூடேற்ற எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வெப்பமே செலவாவது ஏன் என்னும் பழைய புதிருக்கு 1907-இல் ஐன்ஸ்டீன் விடை கண்டது இவ்வழியில்தான். ஆகவே நமக்குச் சுடும் சித்திரை வெயில், வைரத்துக்கு மார்கழிக் காலையைப் போன்றதே. அதன் அதிர்வுகளுள் பெரும்பாலானவை உறக்கத்தில் இருக்கின்றன.

பெரும்பாலானவை என்றுதான் சொன்னேன். எல்லாம் என்று சொல்லவில்லை. விழித்திருக்கும் சில அதிர்வுகள் மூன்று வகையான தொல்லை தருகின்றன. சங்கீதத்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும்: தாளம் தப்புகிறது, நிலை புரள்கிறது, சுருதி இறங்குகிறது.

தாளம் தப்புவது என்பது, இரு நிலைகளும் இசைந்து நிற்கும் அந்த நுட்பமான இணக்கம் குலைவது. இதற்கு உஷ்ணம் மட்டுமே காரணமன்று. இயற்கைக் கரியில் 100-க்குச் சுமார் ஒன்று சற்றுக் கனமான கரியணு. அக்கனத்த அணுக்கள் தாமும் சிறு காந்தங்களாக இருப்பதால் அருகில் நின்று குழப்பம் விளைவிக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் நீக்கி வளர்த்த வைரத்தில், 2009-இல், அறை உஷ்ணத்திலேயே ஒரு வினாடியின் 1,000-இல் 1.8 பங்கு நேரம் தாளம் நிலைத்தது. இது என்ன பிரமாதம் என்று நினைக்கலாம். க்யூபிட்டின் நிலையை ஒரு முறை மாற்ற ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கே போதும். அப்படியானால் தாளம் தப்புவதற்குள் ஆயிரக்கணக்கான செயல்களை முடித்துவிடலாம். 2013-இல் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி வரை குளிர்வித்து, தாளக்காரர் அவ்வப்போது தட்டிக் கொடுப்பதைப் போல நுண்ணலையால் தட்டிக் கொடுத்து, அதே தாளத்தை அரை வினாடிக்கு மேல் நிறுத்தினார்கள். 2018-இல் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில், பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரியில், ஒரு வினாடிக்கு மேல் நின்றது.

நிலை புரள்வதுதான் உஷ்ணத்தின் நேரான கைவேலை. 0 என்று வைத்தது தானாகவே 1 ஆகிவிடுவது. அறை உஷ்ணத்தில் இது ஒரு வினாடியின் 1,000-இல் சுமார் 6 பங்கு நேரத்தில் நேர்ந்துவிடுகிறது. டெல்ஃப்ட் சோதனையின் கடுங்குளிரிலோ ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிலை புரளவில்லை. இப்புரளல் நேரும் விதம் சுவையானது. க்யூபிட்டின் இரு நிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. வைரத்தின் பெரிய அதிர்வோ அதைப் போல் பல ஆயிரம் மடங்கு. பெரிய நோட்டை நீட்டினால் சிறிய கடையில் சரக்கு வாங்க முடியாது, சில்லறை வேண்டும். ஆகவே ஒரு பெரிய அதிர்வு வந்து மோதி, சற்றே மாறிய மற்றோர் அதிர்வாகத் திரும்பிச் செல்கிறது. நோட்டுக்குச் சில்லறை மாறியது போல, இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம் க்யூபிட்டிடம் தங்கி அதைப் புரட்டிவிடுகிறது. ஒளி ஒரு பொருளில் பட்டுச் சற்றே நிறம் மாறித் திரும்புவதைக் கண்டவர் நம் ராமன். அதனை ஒத்ததால் இந்த அதிர்வு வழிக்கும் உலகெங்கும் ராமன் முறை என்றே பெயர். இம்முறைக்கு இரண்டு அதிர்வுகள் ஒருங்கே தேவைப்படுவதால், உஷ்ணம் குறையக் குறையத் தொல்லை விரைவாக அற்றுப்போகிறது.

குற்றத்தின் வகையைப் பொறுத்தும் பலன் மாறும். நைட்ரஜனுக்குப் பதிலாகச் சிலிக்கன் அணு வந்து அமர்ந்த குற்றமும் உண்டு. அதன் எலெக்ட்ரானுக்கு மிக நெருக்கமாக இரு படிகள் இருப்பதால், அங்கே சிறிய அதிர்வே நேராக ஏற்றி இறக்கிவிடும். அதனால் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரியிலும் அதன் தாளம் ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்குகூட நிற்பதில்லை. 2017-இல், உஷ்ணத்தின் கடைசி எல்லையிலிருந்து ஒரு டிகிரியின் பத்தில் ஒரு பங்கே மேலே இருக்கும்படி குளிர்வித்தபோது, அதுவே ஒரு வினாடியின் 1,000-இல் 13 பங்கு நின்றது. வைரம் ஒன்றே; அமர்ந்த விருந்தாளியைப் பொறுத்துப் பொறுமை வேறாகிறது.

மூன்றாவது, சுருதி இறங்குவது. நைட்ரஜன் குற்றத்துக்கு வினாடிக்கு 287 கோடி அலைகள் கொண்ட ஒரு சொந்தச் சுருதி உண்டு. அறை உஷ்ணத்தை ஒட்டி, ஒரு டிகிரி ஏறினால் அச்சுருதி 74,000 அலைகள் இறங்குகிறது. எங்கள் ரயில்வேக் கணக்கில் இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு. வைரச் சுருதியோ ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 26 பங்கு மாறுகிறது. வைரம் விரிவதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் வைரம் தண்டவாளத்தைவிட வெகு குறைவாக விரிவது. எலெக்ட்ரான்களை அதிர்வுகள் ஓயாமல் அசைப்பதும் சேர்ந்தே இந்த இறக்கத்தை உண்டாக்குகிறது. கடுங்குளிரில் அதிர்வுகள் உறங்கியதும் சுருதியும் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடுவது இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. புனேயின் மார்கழி விடியலில் 10 டிகிரி, சித்திரை நண்பகலில் 40 டிகிரி என்றால், இவ்விரண்டுக்கும் இடையே 287 கோடியில் சுமார் 22 லட்சம் குறையும்.

கணக்குப் போட வேண்டியவருக்கு இது தொல்லை. எப்போதும் அறிந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் சுருதியைக் கேட்டே உஷ்ணத்தைச் சொல்லிவிடலாமே என்று சிலர் எண்ணினார்கள். முற்காலத்தில் நிலையத்தில் வண்டி நின்றதும் ஓர் ஊழியர் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, ஒலியைக் கொண்டே விரிசலை அறிந்ததைப் போன்ற யோசனை இது. 2013-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்களை உயிருள்ள மனித உயிரணு ஒன்றினுள் செலுத்தி, அதன் உள்ளே நிலவும் உஷ்ண மாற்றத்தை அளந்து காட்டினார்கள். தொல்லையே கருவியாயிற்று. அம்மையாரின் தோஷம் இரண்டாம் முறையும் குணமாயிற்று.

இந்த இடத்தில் நம் புனேயின் நினைவு வராமல் போகாது. இவ்வாராய்ச்சிக்கு வேர் எங்கோ அயல்நாட்டில் இருப்பதாக எண்ண வேண்டாம். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன், கல்கத்தாவில் கணக்குத் துறை உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர். பின்னர் பெங்களூர் வந்து, வைரங்களைச் சேகரித்து, அவற்றின் ஒளியையும் அதிர்வையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஸ்படிகங்களின் அதிர்வைப் பற்றி அவருக்கும் மாக்ஸ் பார்ன் என்னும் அறிஞருக்கும் நெடிய விவாதம் நடந்தது. அதில் பார்னுடைய கொள்கையே பிறகு நிலைபெற்றது. ஆயினும் அவ்விவாதத்தை ஒட்டிப் பெங்களூரில் நடந்த நுட்பமான அளவீடுகள் வீண்போகவில்லை.

அவ்வளவீடுகளைச் செய்தவர்களுள் ஒருவர் அன்னா மாணி. 1918-இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். எட்டாவது பிறந்த நாளன்று, குடும்ப வழக்கப்படி தந்த வைரத்தோட்டை வேண்டாம் என்று மறுத்து, அதற்குப் பதிலாக பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் என்பது அவரைப் பற்றிப் பலரும் கூறும் செய்தி. தோட்டை மறுத்த அப்பெண் 1940-இல் பெங்களூரில் ராமனிடம் சேர்ந்தபோது, அவர் கையில் வந்து சேர்ந்தது வைரமேதான்.

முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வாறு ஒளிர்கிறது, உஷ்ணம் மாறினால் அவ்வொளி எவ்வாறு மாறுகிறது என்று அவர் ஆராய்ந்தார். திரவக் காற்றின் கடுங்குளிரில் வைரத்தை வைத்து, மங்கிய ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிய வைக்க 15 முதல் 20 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் ஆராய்ந்த அந்த நீல ஒளியும் பச்சை ஒளியும் நைட்ரஜனும் காலியிடமும் சேர்ந்த குற்றங்களின் ஒளி என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. வைரத்தில் நைட்ரஜன் கலந்திருப்பதே 1959-இல்தான் உறுதிப்பட்டது. நீல ஒளியின் குற்றத்தில் மூன்று நைட்ரஜன் அணுக்கள், பச்சையினதில் இரண்டு, இன்றைய க்யூபிட்டில் ஒன்று. பெயர் தெரியாத காலத்திலேயே அக்குடும்பத்தாரின் நடுக்கத்தை நாடி பிடித்துப் பார்த்தவர் அவர்.

1942 முதல் 1945 வரை தம் பெயரிலேயே ஐந்து கட்டுரைகளை வெளியிட்டு, 1945-இல் ஆராய்ச்சி நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் பெறவில்லை என்பதைக் காரணம் காட்டி டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்நூல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் இருக்கிறது. பட்டம் கிடைத்திருந்தாலும் அதில் ஓரெழுத்தும் மாறியிருக்காது.

அவர் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைக் கற்று, 1948-இல் திரும்பி வந்து பணியேற்ற ஊர் நம் புனே. சிவாஜி நகரில், 1928-இல் தலைமை அலுவலகம் சிம்லாவிலிருந்து மாறி வந்த காரணத்தால் இன்றும் 'சிம்லா ஆபீஸ்' என்று பஸ்காரர்கள் கூவுகிறார்களே, அந்த வானிலைத் துறையில்தான். உஷ்ணமானி, காற்றுமானி, மழைமானி என்று அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வேண்டி, சுமார் 100 கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். 1957-58-இல் சூரிய வெப்பத்தை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்று, 2001-இல் மறைந்தார். வைரத்தில் உஷ்ணத்தின் விளையாட்டைப் பார்த்தவர், நம் ஊரில் உஷ்ணமானி செய்வித்தார். இன்று அந்த வைரமே உஷ்ணமானியாகிவிட்டது. அவரும் நம்மைப் போலப் பிறந்த ஊரை விட்டு, உத்தியோகத்தின் பொருட்டு இவ்வூருக்கு மூட்டை முடிச்சுடன் வந்தவரே.

இனி அம்மையாருக்கு என் பதில். வெயிலில் அந்த வைரம் கெட்டுவிடாது. காந்தத்தையும் உஷ்ணத்தையும் அளக்கும் கருவியாக அது திறந்த அறையிலேயே வேலை செய்யும். மும்பை ஐ.ஐ.டி.யில் இவ்வகைக் கருவிகளைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் தொலைவிலுள்ள க்யூபிட்டுகளை ஒளியால் இணைத்துப் பெரிய கணக்குப் போட வேண்டுமானால், அதிர்வுகள் அந்தச் சிவப்பு ஒளியைக் கலங்கடித்துவிடுவதால், இன்னும் கடுங்குளிர் தேவைப்படுகிறது. அந்த வேலை முடிந்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; முடியாது என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். மத்திய அரசு 2023-இல் 6,003 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. நம் பாஷாணிலுள்ள ஐசர் நிறுவனத்திலேயே குவாண்டம் துறைக்கென ஒரு மையம் இயங்குகிறது. பெண் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். நுழைவுத் தேர்வையும் உதவித் தொகையையும் முதலில் விசாரியுங்கள். சேமிப்பு முழுவதையும் எடுக்க வேண்டிய அவசியமே நேராமல் போகலாம்.

தோடு வேண்டாம் என்று பிறர் வீட்டு விஷயத்தில் சொல்ல எனக்கு உரிமையில்லை. என் வீட்டு விஷயத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். என் தமக்கை பள்ளி இறுதித் தேர்வில் என்னைவிட 60 மதிப்பெண் அதிகம் வாங்கியவள். கணக்கில் அவளுக்கு இணை எங்கள் தெருவில் யாரும் இல்லை. கல்லூரிக்குப் போகிறேன் என்று அவள் கேட்ட ஆண்டில்தான் எங்கள் வீட்டில் தோடு வாங்கினார்கள். யாரும் அவளுக்குத் தீங்கு நினைக்கவில்லை, அன்பினால்தான் வாங்கினார்கள். அந்தத் தோடு இப்போது வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. கல்யாணங்களுக்கு வெளியே வரும். ஒரு தோஷமும் இல்லாத வைரம்.

இந்தப் பகுதியை மாதந்தோறும் அவள்தான் முதலில் படித்துக் கணக்குகளைச் சரிபார்க்கிறாள். 74,000-ஐ 30-ஆல் பெருக்கி 22 லட்சம் என்று மேலே எழுதியிருப்பது அவள் போட்டுத் தந்தது.

அடுத்த கூட்டத்துக்குத் திருநெல்வேலி நண்பரை அழைத்து வருகிறேன். அம்மையார் மகளையும் அழைத்து வரட்டும். முடிவு செய்ய வேண்டியது அவர்கள். வழி கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.